ஒன்பதாம் நம்பர் மீட்டர்

கே.டி.சி. நகர் தாண்டி
நாலுவழிச் சாலை ஓரத்தில் பன்னிரண்டு ஷட்டர்,
மாடிப்படிக்குக் கீழே பன்னிரண்டு மீட்டர்.
ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா
நான் வந்து குனிகிறேன்.

நிமிர்ந்து பார்த்தால் எந்த ஊர் என்று தெரியாது.
சிவப்பில் பேக்கரி, பச்சையில் மருந்து, மஞ்சளில் பிரியாணி.
மணப்பெண் அலங்காரப் போர்டில் சிரிக்கிற பெண்
வள்ளியூரிலும் அதே பல்லோடு சிரிக்கிறாள்,
கோவில்பட்டியிலும்.
குனிந்தால்தான் எனக்கு இடம் பிடிபடும்.
யாருக்கு ஓவன் ஓயாமல் எரிகிறது,
யார் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக்
கதவைத் திறந்துபோட ஆரம்பித்துவிட்டார்,
எல்லாம் எண்ணில் இருக்கிறது.

முன்பு இந்த எல்லைக்குள் ஒரே இணைப்பு.
அஞ்சு குதிரைத்திறன் மோட்டார், இலவச மின்சாரம்;
எழுத ஒன்றுமில்லை, நான் வந்ததுமில்லை.
அதனால் அந்த வயலை எனக்குத் தெரியாது.
தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.
புன்னைவனம் அண்ணாச்சி சொல்லுவார்:
"வயலா வே? மூணு பூவுக்கும் மூணு கடன்.
இப்பம் மாசம் பொறந்து அஞ்சாந்தேதி
பன்னெண்டு பேரு எனக்குத் தாராவ."
உடனே திருத்துவார்: "பதினொண்ணு."

ஒன்பதில் எதுவும் தரிக்காது.
நாலு வருஷத்தில் ஆறு போர்டு:
செல்போன் கவர், ஷூ, மீன் தொட்டி,
நகைக்கடன், கரும்பு ஜூஸ், மறுபடி செல்போன் கவர்.
வாஸ்துக்காரர் வந்து கண்ணாடி மாட்டிவிட்டுப் போனார்.
பின்கதவைத் திறந்தால்
ஜெனரேட்டருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே
சுண்ணாம்பும் செங்காவிப் பட்டையுமாய்
சுடலைமாடன் பீடம்.
அளந்தபோது விட்டுவைத்த ஒன்றரை சென்ட்.

ஆடி கழிந்து போனேன்.
எட்டு: அறுநூற்று நாற்பது. பத்து: முன்னூற்றுப் பன்னிரண்டு.
ஒன்பது: ஷட்டரில் பூட்டு, பூட்டில் துரு,
மீட்டரில் இருநூற்று ஏழு யூனிட்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
இருநூற்று ஏழு.

பேக்கரி செல்லத்துரை மாவுக்கையோடு வந்தான்.
"கொடை சார். ரெண்டு ராத்திரி."

கார் நிறுத்துமிடத்தில் பந்தல்.
பிரியாணிக்கடை ஜார்க்கண்ட் பையன்கள் கால் நட்டார்களாம்.
வில்லுப்பாட்டுக்காரிக்கு மைக், சீரியல் செட், ஃபோகஸ் லைட்,
எல்லா ஒயரும் ஒன்பதிலிருந்து.
மருந்துக்கடை முப்பிடாதிக்கு
கம்பெனி டீ-ஷர்ட்டோடு அருள் வந்துவிட்டது.
குறி கேட்டு நின்ற சனத்துக்கு
அவன் நெஞ்சில் பதினைந்து சதவீதத் தள்ளுபடி.

நடுச்சாமம் சாமி வேட்டைக்குப் போகணும்.
சுடுகாடோ சாலைக்கு அந்தப் பக்கம்.
நடுவில் இடுப்புயரத் தடுப்பு,
சுற்றித் திரும்ப ரெண்டு கிலோமீட்டர்.
மாடன் ஒரே எட்டில் தாண்டினார் என்கிறார் புன்னைவனம்.
ஸ்டூல் போட்டோம் என்கிறான் செல்லத்துரை.
நாகர்கோவில் போகிற லாரி ஒன்று
தீப்பந்தத்தைப் பார்த்து விளக்கை அணைத்து நின்றதை
ரெண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பூட்டிய கதவு என்று எழுதலாம்.
மீட்டர் பழுது என்று எழுதலாம்.
கடைக்கு ஒரு விகிதம், கோயிலுக்கு ஒரு விகிதம்;
சுடலைக்கு எது என்று அட்டவணையில் இல்லை.
உள்ளதை எழுதினேன்.

அண்ணாச்சி சீட்டை எட்டப் பிடித்து வாசித்தார்.
"யாவாரத்துலயா போட்டீரு?"
"ஒம்பதுலதான ஓடிச்சு."
கொஞ்சநேரம் ரோட்டைப் பார்த்தார்.
"சரி, அந்தக் கடையில
ஒருத்தனாவது நின்னு யாவாரம் பாத்தாம்லா."

அடுத்த முறை போனபோது ஒன்பதில் புதுப் போர்டு.
செல்போன் கவர்தான்.
ராஜஸ்தான்காரப் பையன், தமிழ் பாதி வருகிறது.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு சுருட்டு.
புகைக்கிற பழக்கமுண்டா என்று கேட்டேன்.
இல்லையென்று தலையாட்டிப்
பெருவிரலால் பின்கதவைக் காட்டினான்.

நாற்பத்தொரு யூனிட்.
எழுதிக்கொண்டு பத்துக்கு நகர்ந்தேன்.